எட்டுக் கோள்கள், நான்கு நெடுவரிசைகள்: ஓர் அட்டவணைப் பயிற்சி கோணிப்போன கதை

தொடக்கநிலை நிரலாக்கப் பாடத்தில் லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் அமைப்பு) சொல்லிக்கொடுத்த கையோடு அட்டவணை அச்சிடும் பயிற்சி வந்துவிடும். கணக்கு ஒன்றும் பெரிதில்லை, எண்களும் கையிலேயே தரப்பட்டுவிடும். ஆனாலும் பலர் சறுக்கும் இடம் இது. விடைகள் எல்லாம் சரியாக இருக்கும். அவுட்புட்டைப் பார்த்தால் மட்டும் கண் கூசும். அப்படிப்பட்ட ஒரு பயிற்சியை எடுத்து, அது எங்கெங்கே கோணுகிறது, ஏன் கோணுகிறது என்று வரிவரியாகப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

நிரல் சி மொழியில். ஒரு மதிப்பை எந்த வடிவில் அச்சிட வேண்டும் என்று சொல்லும் ஃபார்மட் குறிகள் ரோமன் எழுத்தில் வருபவை; அவற்றை இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம்: எஸ் என்றால் எழுத்துச்சரம், டி என்றால் முழு எண், எஃப் என்றால் தசம எண். காலியிடம் கண்ணுக்குத் தெரிய வேண்டிய இடத்தில் நடுப்புள்ளி (·) வரும்.

பயிற்சி

சூரியக் குடும்பத்தின் எட்டுக் கோள்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர், நடுக்கோட்டு விட்டம் கிலோமீட்டரில், சூரியனிலிருந்து சராசரித் தூரம் மில்லியன் கிலோமீட்டரில், சராசரி வெப்பநிலை செல்சியஸில். மேலே ஒரு தலைப்பு, அதன் கீழ் ஒரு கோடு, பிறகு எட்டு வரி.

இந்தத் தரவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. விட்டம் 4879 முதல் 142984 வரை போகிறது. அதாவது நான்கு இலக்கமும் ஆறு இலக்கமும் ஒரே நெடுவரிசையில். தூரம் 57.9-இல் தொடங்கி 4515.0-இல் முடிகிறது, தசமப் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்க வேண்டும். வெப்பநிலையில் 464-உம் உண்டு, -200-உம் உண்டு. கழித்தல் குறிக்கும் ஓர் இடம் வேண்டும். பெயர்கள் ஆங்கிலத்தில் 4 எழுத்து முதல் 7 எழுத்து வரை. 1 முதல் 10 வரை வாய்ப்பாடு அச்சிடச் சொன்னால் இந்தப் பிழைகளில் பாதி தலையே காட்டாது. எல்லா எண்ணும் ஒரே நீளமாக இருக்கும் தரவைக் கொடுத்துவிட்டு மாணவர் ஒழுங்குபடுத்தக் கற்றுக்கொண்டார் என்று நம்புவது பாடத்தை வகுத்தவரின் பிழை.

முதல் வடிவம்: டேப்

பெரும்பாலும் முதலில் வருவது இதுதான். ஒவ்வொரு மதிப்புக்கும் நடுவில் ஒரு டேப். ஓட்டிப் பார்த்தால் எட்டு வரிகளும் ஒழுங்காகவே நிற்கின்றன. தலைப்பு மட்டும் எங்கோ ஓடிவிட்டது.

டேப் என்பது எட்டுக் காலியிடம் அல்ல. அடுத்த நிறுத்தத்துக்குப் போ என்பதுதான் அதன் பொருள். டெர்மினலில் (நிரலின் அவுட்புட் வெறும் எழுத்தாக வரும் திரையில்) வழக்கமாக 8 இடத்துக்கு ஒரு நிறுத்தம்: 8, 16, 24, 32 என்று. கோள் பெயர் நான்கு எழுத்தானாலும் ஏழு எழுத்தானாலும் அடுத்த நிறுத்தம் 8-தான்; அங்கிருந்து விட்டம் தொடங்கும். ஆறு இலக்கம் போட்டாலும் 14-இல் முடியும், அடுத்த டேப் 16-க்குக் கொண்டுபோகும். இப்படி எட்டு வரியும் ஒழுங்கானது தற்செயல்தான்: தரவில் எதுவும் 8 இடத்தைத் தொடவில்லை.

தலைப்பு தொட்டது. விட்டத்துக்கு ‘டயாமீட்டர்’ என்று எழுதி அடைப்புக்குறிக்குள் அலகையும் சேர்த்தால் ஆங்கிலத்தில் 12 எழுத்து. 8-இல் தொடங்கி 20-இல் முடிகிறது. அடுத்த நிறுத்தம் 24. கீழே தூரம் 16-இல் நிற்க, மேலே தூரத்தின் தலைப்பு 24-இல் வந்து வெப்பநிலையின் தலைமேல் உட்கார்ந்துவிட்டது. தூரத்தின் தலைப்பு அலகோடு சேர்த்து 16 எழுத்து, 24-இலிருந்து சரியாக 40-இல் முடிகிறது. நிறுத்தத்திலேயே நிற்கிறோமே, டேப் அங்கேயே இருந்துவிடும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. ஒரு முழு நிறுத்தம் தாண்டி 48-க்குப் போகும். கடைசித் தலைப்பு தன் நெடுவரிசையை விட்டு 24 இடம் தள்ளி நிற்கிறது.

இதற்கு மாணவர் போடும் வைத்தியம் நமக்குத் தெரிந்ததே: தரவு வரிகளில் விட்டத்துக்குப் பின் இரண்டு டேப், தூரத்துக்குப் பின் மூன்று டேப். திரையில் எல்லாம் நேராகிவிடும். மதிப்பிடுபவர் அதே அவுட்புட்டை டேப்புக்கு 4 இடம் என்று அமைத்த எடிட்டரில் திறந்தால் தரவு வரிகள் தூரத்தை 20-இல் வைக்கும், தலைப்பு 24-இல் வைக்கும். மறுபடியும் கோணல். டேப் எத்தனை இடம் என்பதை நிரல் முடிவுசெய்வதில்லை, பார்க்கும் கருவி முடிவுசெய்கிறது. இதை மாணவருக்குச் சொல்வதைவிட, ஒரே ஃபைலை இரண்டு கருவிகளில் திறந்து காட்டிவிடலாம்.

இன்னும் உறைக்கவேண்டும் என்றால் ஒரு வரி கூட்டுங்கள். மேக்மேக் என்று ஒரு குறுங்கோள் இருக்கிறது. சர்வதேச வானியல் ஒன்றியம் 2008-இல் அதற்கு அந்தப் பெயரைத் தந்தது. ஆங்கிலத்தில் சரியாக 8 எழுத்து. பெயர் 8-இல் முடிகிறது, டேப் 16-க்குத் தாவுகிறது, அந்த ஒரு வரி முழுக்க ஒரு நிறுத்தம் வலப்பக்கம் சாய்கிறது. நிரலில் எந்த வரியையும் நாம் தொடவில்லை. ‘பெயர் மேக்மேக் என்றால் ஒரு டேப் குறை’ என்று நிபந்தனை எழுதி வரும் விடைகளும் உண்டு. அதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். அந்த நிபந்தனைதான் அகலம் என்ற கருத்தை அறிமுகப்படுத்தச் சரியான நேரம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

காலியிடங்களைக் கையால் தட்டி ஒழுங்குபடுத்தும் வடிவமும் இதே வகைதான். அதை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் வடிவம்: அகலம்

ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஓர் அகலம் தீர்மானித்து அதை ஃபார்மட் குறியில் எழுதுவது:

%-10எஸ் %8டி %9.1எஃப் %6டி

பெயருக்கு 10 இடம், கழித்தல் குறி இருப்பதால் இடப்பக்கம் ஒட்டி நிற்கும். விட்டத்துக்கு 8, தூரத்துக்கு 9, வெப்பநிலைக்கு 6. எண்கள் வலப்பக்கம் ஒட்டும். எண் நெடுவரிசைகளை மட்டும் நெருக்கத்தில் பார்த்தால் (நடுவில் உள்ள காலியிடத்துக்குப் பதில் எல்லை தெரியக் கோடு போட்டிருக்கிறோம்):

|····4879|·····57.9|···167|
|···12756|····149.6|····15|
|··142984|····778.5|··-110|
|···49528|···4515.0|··-200|

ஒன்றாம் இலக்கம் ஒன்றாம் இலக்கத்தின் கீழ், தசமப் புள்ளி தசமப் புள்ளியின் கீழ். எந்த எண் பெரிது என்று படிக்காமலே நீளத்தை வைத்துத் தெரிந்துவிடுகிறது. எண்களை வலப்பக்கம் ஒட்டுவது இதற்காகத்தான். பெயரைப் படிக்கும்போது கண் முதல் எழுத்தைத் தேடுகிறது, ஆகவே அது இடப்பக்கம். தொலைபேசி எண், பதிவெண், அஞ்சல் குறியீடு போன்றவை இலக்கங்களால் ஆனாலும் அளவுகள் அல்ல. அவற்றையும் பெயரைப் போலவே இடப்பக்கம் ஒட்டலாம்.

இந்த வடிவத்தில் வரும் தவறுகள் டேப் தவறுகளைவிடச் சுவாரசியமானவை.

9.1 என்பதை ‘புள்ளிக்கு முன் 9, பின் 1’ என்று படிப்பது முதல் தவறு. 9 என்பது மொத்த அகலம். புள்ளியும் பின்னிலக்கமும் கழித்தல் குறியும் அதற்குள்ளேதான் அடங்க வேண்டும். ஆக முன்னால் கிடைப்பது 7 இடம், எதிர்மறை எண்ணென்றால் 6. ஆறு இலக்க எண்ணை இரண்டு தசம இடத்தோடு அச்சிட 6+1+2=9 வேண்டும், எதிர்மறையும் வரலாம் என்றால் 10. இதைக் கரும்பலகையில் கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்தை எழுதிக் காட்டினால் ஒழிய மனதில் நிற்பதில்லை.

அடுத்தது நெடுவரிசைகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் குறிகளை ஒட்டி எழுதுவது. விட்டத்துக்கு 6, தூரத்துக்கு 5 என்று இறுக்கமாக வைத்து, நடுவில் காலியிடம் இல்லாமல் எழுதிய நிரல் வியாழனின் வரியில் இப்படி அச்சிடும்:

142984778.5

இரண்டு எண்களும் தத்தம் அகலத்தில் கச்சிதமாகப் பொருந்தியிருக்கின்றன. பிழை என்று கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் கருவி) சொல்ல ஒன்றுமில்லை. படிப்பவருக்கு மட்டும் அது பதினான்கு கோடி. அகலத்தில் தாராளம் காட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது. அகலம் தரவைப் பொறுத்தது, இடைவெளி எப்போதும் இருக்க வேண்டியது. ஃபார்மட் சரத்திலேயே குறிகளுக்கு நடுவில் ஒரு காலியிடமாவது நேரடியாக இருக்கட்டும்.

மூன்றாவது, வகை மாறிப்போவது. முழு எண் வேரியபிளை எஃப் குறிக்குக் கொடுத்தால் சி மொழியில் என்ன அச்சாகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, 0.0 வரலாம், குப்பையும் வரலாம். கம்பைலரின் எச்சரிக்கைகளை எல்லாம் இயக்கிவைத்தால் பெரும்பாலான கம்பைலர்கள் இதை அந்த வரியிலேயே சுட்டிவிடும். முதல் வகுப்பிலிருந்தே எச்சரிக்கைகளை இயக்கிவைப்பது பாதி நேரத்தை மிச்சப்படுத்தும்.

அகலம் ஓர் உறுதிமொழி அல்ல

தூரத்துக்கு 5 இடம் என்று வைத்த நிரலில் 4515.0 என்ன ஆகும்? ஆறு எழுத்து, ஐந்து இடம். சி மொழியில் அச்சிடும் கட்டளையான பிரின்ட்எஃப் எண்ணை வெட்டாது. ஆறையும் அச்சிட்டு, அந்த வரியின் மீதியை ஓரிடம் தள்ளிவிடும். ஃபார்மட் குறியில் உள்ள எண் ‘குறைந்தது இத்தனை’ என்றுதான் சொல்கிறது. ‘இத்தனைதான்’ என்று சொல்வதாக மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அட்டவணைப் பிழைகளில் ஒரு பெரும் பங்குக்கு இந்த ஒரு புரிதல் பிசகே வேர்.

இதே சிக்கலுக்கு ஃபோர்ட்ரான் வேறு வழி போனது. 1957-இல் ஐபிஎம் 704 கணினிக்கு வந்த மொழி அது; அட்டவணை அச்சிடுவது அதன் அன்றாட வேலை. அங்கே இடம் போதாவிட்டால் எண்ணுக்குப் பதில் அந்த அகலம் முழுக்க நட்சத்திரக் குறிகள் வரும். அட்டவணை கோணாது, ஆனால் எண் போய்விடும். சி-யில் எண் தப்பும், அட்டவணை கோணும். எது மேல் என்று கேட்டால், தொடங்குபவருக்கு சி-யின் வழியே நல்லது என்போம்: கோணலான வரி தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும், எண்ணும் கையில் இருக்கும்.

எழுத்துச்சரத்தை வெட்ட வழி இருக்கிறது. %-10.10எஸ் என்றால் குறைந்தது 10, அதிகமாகவும் 10. நீளமான பெயர் பத்தாவது எழுத்தில் அறுந்துவிடும். பெயருக்கு இது சில சமயம் சரி. எண்ணை முதலில் சரமாக்கி இதே முறையில் வெட்டுபவர்களும் இருக்கிறார்கள். 142984 வெட்டுப்பட்டு 14298 ஆனால் அது பார்க்க அழகான பொய்.

தலைப்பும் கோடும்

தலைப்பு வரியைத் தனிச் சரமாகக் கையால் எழுதுவதுதான் வழக்கம். அகலத்தை ஒரு முறை மாற்றியதும் அது பழைய இடத்திலேயே நின்றுவிடும். தலைப்பையும் அதே அகலங்களால் அச்சிட வேண்டும், குறிகளை மட்டும் எஸ் ஆக்கி:

%-10எஸ் %8எஸ் %9எஸ் %6எஸ்

எண் நெடுவரிசையின் தலைப்பும் எண்ணைப் போலவே வலப்பக்கம் ஒட்டும். சொல் இடப்பக்கமும் அதன் கீழ் எண்கள் வலப்பக்கமும் நின்றால் 8 இட அகலத்திலேயே இரண்டும் வேறு நெடுவரிசை போலத் தோன்றும்.

தலைப்பு நீளமாக இருப்பதால் நெடுவரிசையை 16 இடம் அகலப்படுத்துவது தேவையற்றது. அலகை இரண்டாவது தலைப்பு வரிக்கு இறக்குங்கள். ‘டயாமீட்டர்’, ‘டிஸ்டன்ஸ்’ இரண்டும் ஆங்கிலத்தில் எட்டெட்டு எழுத்து. 8, 9 என்ற அகலங்களில் அடங்கிவிடும். அலகு அவற்றின் கீழே நிற்கும்.

கோட்டின் நீளம் 10+8+9+6, அதோடு நடுவில் மூன்று காலியிடம்: 36. இதைக் கையால் 36 சிறுகோடு தட்டாமல் லூப்பில் அச்சிடுவதே முறை. அந்த 36-ஐயும் எண்ணாக எழுதாமல் அகலங்களைக் கூட்டியே பெற வேண்டும். நான்கு அகலங்களும் நிரலின் தலையில் நான்கு மாறிலிகளாக இருந்தால் தலைப்பு, கோடு, தரவு மூன்றும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். ஓர் எண்ணை மாற்றினால் மூன்றும் சேர்ந்து நகரும். பிரின்ட்எஃப்-இல் அகலத்துக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டால் (%*டி, %-*எஸ்) அகலத்தை வேரியபிளிலிருந்து அது எடுத்துக்கொள்ளும். பாடத்தில் இதை ‘பிறகு பார்ப்போம்’ என்று தள்ளிவைப்பது ஏன் என்று புரிவதில்லை. அட்டவணைப் பயிற்சிக்கு இதைவிட வேண்டிய குறி வேறில்லை.

மூன்றாம் வடிவம்: அகலத்தை அளந்து எடுப்பது

மாறிலிகளாக வைத்த பிறகும் அந்த 10, 8, 9, 6 யாரோ தரவைக் கண்ணால் பார்த்து வைத்தவைதான். தரவு ஃபைலிலிருந்து வருகிறது என்றால் இரண்டு சுற்று வேண்டும். முதல் சுற்றில் ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிக நீளமானது எது என்று அளப்பது, தலைப்பையும் சேர்த்து. இரண்டாம் சுற்றில் அச்சிடுவது.

இங்கே ஒரு நுட்பமான பொறி. எண்ணின் நீளத்தை மாணவர்கள் கணக்கிட்டே கண்டுபிடிக்கப் பார்க்கிறார்கள்: பத்தால் வகுத்துக்கொண்டே போவது, அல்லது மடக்கை எடுத்து ஒன்று கூட்டுவது. 0-க்கு மடக்கை கிடையாது. எதிர்மறை எண்ணுக்கும் கிடையாது. இவற்றைத் தனி நிபந்தனைகளால் சமாளித்தாலும் 999.96 வந்து கவிழ்க்கும். முழுப்பகுதி மூன்று இலக்கம், ஆகவே 3+1+1=5 இடம் என்று கணக்கு சொல்லும். ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கி அச்சிடும்போது அது 1000.0, ஆறு இடம். மற்றொரு முனையில் -0.04: ஒரு தசம இடத்துக்கு அது -0.0 என்று கழித்தல் குறியோடு அச்சாகும்.

ஆகவே எண்ணை அளக்கக் கூடாது, அச்சாகப்போகும் எழுத்துகளை அளக்க வேண்டும். சி மொழியில் இதற்கு, திரைக்குப் பதில் நினைவகத்தில் எழுதும் எஸ்என்பிரின்ட்எஃப் இருக்கிறது. 1999 தரநிலையின்படி, எழுதும் இடத்துக்குப் பதில் வெற்றுச் சுட்டியும் அளவு 0-உம் கொடுத்தால் எதையும் எழுதாமல், எழுதியிருந்தால் எத்தனை எழுத்து வந்திருக்கும் என்பதை மட்டும் திருப்பித் தரும். பைத்தானில் ஒவ்வொரு மதிப்பையும் முதலில் சரமாக்கி வைத்துக்கொண்டு, சரங்களின் நீளத்தில் பெரியதை எடுத்தால் முடிந்தது.

மொழி மாறினால் மாறுபவை

பைத்தானில் அகலம் மட்டும் கொடுத்தால் சரம் இடப்பக்கமும் எண் வலப்பக்கமும் தானாக ஒட்டும். சி-யில் கழித்தல் குறி இல்லையென்றால் இரண்டுமே வலப்பக்கம். பைத்தான் பழகிவிட்டு சி-க்கு வருபவரின் முதல் அட்டவணையில் பெயர்கள் எல்லாம் வலச்சுவரில் சாய்ந்து நிற்பது இதனால்தான். எண்ணைச் சரமாக்கிய கணமே பைத்தானும் அதை இடப்பக்கம் தள்ளும்; மேலே சொன்ன அளவை முறையைப் பைத்தானில் எழுதும்போது வலச்சாய்வுக் குறியான > ஐ மறக்காமல் போட வேண்டும். தரவில் மதிப்பு இல்லாத இடத்தில் ‘நன்’ (None, ‘எதுவும் இல்லை’ என்பதற்குப் பைத்தானின் சொல்) இருந்து அதற்கு அகலம் கொடுத்தால் நிரல் அந்த வரியிலேயே பிழை காட்டி நின்றுவிடும். முன்னதாகவே அதைச் சிறுகோடாகவோ வெற்றுச் சரமாகவோ மாற்றிவிடுங்கள்.

சி++ இல் அகலத்தைச் சொல்லும் செட்டபிள்யூ அடுத்து வரும் ஒரே ஒரு மதிப்புக்கு மட்டும் பொருந்தும், பிறகு அழிந்துவிடும். இடம், வலம், தசமத் துல்லியம் ஆகியவை மாற்றும்வரை நிலைக்கும். ஒன்று நிலைக்கும், ஒன்று நிலைக்காது என்ற இந்த முரண் யாரையும் ஒரு முறையாவது கவிழ்த்திருக்கும். இன்னொன்று: ‘ஃபிக்ஸ்டு’ (தசம வடிவிலேயே அச்சிடு என்னும் குறி) சொல்லாமல் துல்லியம் மட்டும் 1 என்று வைத்தால் அது தசம இடத்தைக் குறிக்காது, மொத்தப் பொருளுள்ள இலக்கத்தைக் குறிக்கும். மிதவை எண்ணாக வைத்த 142984 அப்போது 1இ+05 என்று அறிவியல் வடிவில் வரும்.

ஜாவாவின் பிரின்ட்எஃப் இயங்கும் கணினியின் வட்டார அமைப்பைப் பார்க்கும். ஜெர்மன் அமைப்பில் 149.6 என்பது 149,6 ஆகும். அகலம் மாறாது, அட்டவணை நேராகவே இருக்கும், தானியங்கி மதிப்பீடு மட்டும் தவறென்று சொல்லும். ஃபார்மட்டுக்கு முன்னால் வட்டாரத்தை வெளிப்படையாகக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

சரிபார்ப்பதும் மதிப்பிடுவதும்

கண்ணால் பார்த்து ‘நேராக இருக்கிறது’ என்பது சரிபார்ப்பு ஆகாது. முதலில் ஃபான்ட். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தரும் ஃபான்ட்டில்தான் காலியிடத்தால் ஒழுங்குபடுத்த முடியும். சரியான அவுட்புட்டைச் சாதாரண ஃபான்ட்டில் உள்ள ஆவணத்தில் ஒட்டி, அங்கே கோணியதைப் பார்த்து, நிரலில் காலியிடம் கூட்டிக் கெடுத்துக்கொள்பவர்கள் பலர்.

அடுத்து, அட்டவணைக்கு மேலே 1234567890 என்று அளவுகோல் வரி ஒன்றைத் தற்காலிகமாக அச்சிடச் சொல்லுங்கள்:

123456789012345678901234567890123456

எந்த நெடுவரிசை எந்த இடத்தில் முடிகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். நம் அகலங்களின்படி பெயர் 10-இல் முடிய வேண்டும், விட்டம் 19-இல், தூரம் 29-இல், வெப்பநிலை 36-இல். டேப் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க, லினக்ஸில் ‘கேட்’ கட்டளைக்கு -ஏ (பெரிய எழுத்து) கொடுத்தால் டேப் ^ஐ என்றும் வரியின் முடிவு $ என்றும் தெரியும். $ குறிக்கு முன் காலியிடம் தென்பட்டால் அது வால் இடம். கடைசி நெடுவரிசை இடப்பக்கம் ஒட்டியதாக இருந்தால் இது வரும்; திரையில் தெரியாது, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தானியங்கி மதிப்பீட்டில் மதிப்பெண்ணைத் தின்றுவிடும். கடைசி நெடுவரிசைக்கு இடப்பக்க அகலம் கொடுக்காமல் வெறும் எஸ் போட்டால் போதும். தானியங்கி மதிப்பீட்டை அமைப்பவரும் வால் இடத்தை உதறிவிட்டு ஒப்பிடலாம். மாணவர் கற்க வேண்டியது அதுவல்லவே.

சோதனைத் தரவில் எட்டுக் கோள்கள் போதாது. மேக்மேக் ஒரு வரி, வெற்றுப் பெயர் ஒரு வரி, 0 ஒரு வரி, 999.96 ஒரு வரி, -0.04 ஒரு வரி. பெயர் அகலத்தைச் சரியாக நிரப்பும் பத்து எழுத்துப் பெயர் ஒன்று, அதைத் தாண்டும் பதினோரு எழுத்துப் பெயர் ஒன்று. பத்தில் ஒழுங்காகவும் பதினொன்றில் கோணலாகவும் வந்தால் மாணவர் இரண்டாம் வடிவத்தில் இருக்கிறார். இரண்டிலும் ஒழுங்காக வந்தால் மூன்றாம் வடிவத்தை எட்டிவிட்டார். எந்த வடிவத்துக்கு எத்தனை மதிப்பெண் என்பதைப் பயிற்சித் தாளிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

முழுமையாக்கல் பற்றியும் ஒரு கேள்வி வரும். 2.675-ஐ இரண்டு தசம இடத்தில் அச்சிட்டால் 2.67 வருகிறது, 2.68 அல்ல. இரும எண்ணாகச் சேமிக்கும்போது அது 2.675-ஐவிடச் சற்றுக் குறைவாகவே பதிவாகிறது. ஃபார்மட் குறியின் பிழை அல்ல; அந்த வகுப்பில் அதற்கு மேல் போக வேண்டியதும் இல்லை.

பெயர்களைத் தமிழில் எழுதினால்

முதல் அதிர்ச்சி தமிழ் எழுத்துக்கு முன்பே வரும், வெப்பநிலைத் தலைப்பில். அடைப்புக்குறிக்குள் °சி என்று ரோமன் எழுத்தோடு எழுதினால் கண்ணுக்கு நான்கு எழுத்து. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் பாகைக் குறி இரண்டு பைட் (சேமிப்பின் சிற்றலகு). சி மொழி எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. அதற்கு அது ஐந்து. 6 இட அகலத்தில் இரண்டு காலியிடம் விட வேண்டியது ஒன்றுதான் விடும். தலைப்பு ஓரிடம் இடப்பக்கம் நகர்ந்து நிற்கும். காரணம் தெரியாவிட்டால் மணிக்கணக்கில் தேட வைக்கும் பிழை இது.

தமிழில் ஒவ்வொரு குறியெண்ணும் (எழுத்துக்கோ அதன் மேல் சேரும் குறிக்கோ யூனிகோடு தரும் எண்) மூன்று பைட். ‘சனி’ என்பதில் ச, ன, இகரக் குறி என மூன்று குறியெண், 9 பைட். ‘பூமி’ 12. ‘வெள்ளி’ 18. ‘செவ்வாய்’ 24. ‘நெப்டியூன்’ 30. %-12எஸ் என்று கொடுத்தால் எட்டுக் கோள்களில் சனிக்கு மட்டும் மூன்று காலியிடம் கிடைக்கும். பூமி 12-ஐச் சரியாக நிரப்பிவிடுகிறது, மற்றவை தாண்டிவிட்டன. %.10எஸ் என்று வெட்டினால் மூன்று முழுக் குறியெண்ணும் நான்காவதன் ஒரு பைட்டும் மிஞ்சும். அந்த ஒற்றை பைட் திரையில் கேள்விக்குறிக் கட்டமாக வந்து நிற்கும்.

பைத்தான் பைட்டுக்குப் பதில் குறியெண்ணை எண்ணும். ‘செவ்வாய்’ நமக்கு நான்கு எழுத்து, பைத்தானுக்கு 8. டெர்மினல் மூன்றாவதாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. யூனிகோடில் புள்ளி தனி இடம் எடுக்காத குறி. கால், கொம்பு, இகரம், உகரம் முதலியவை இடம் எடுக்கும் குறிகள். ஈகாரக் குறி மட்டும் ஏனோ புள்ளியின் கட்சி. இந்தப் பகுப்பை அப்படியே பின்பற்றும் டெர்மினலில் ‘செவ்வாய்’ ஆறு இடம் எடுக்கும். பைத்தான் எட்டென்று கருதி 12-க்கு நான்கு காலியிடம் விட்டிருக்கும். ஆறும் நான்கும் பத்து, இரண்டிடம் குறைவு. பூமியிலும் சனியிலும் புள்ளி இல்லை, அவை நேராக நிற்கும். புதன், வெள்ளி, வியாழன், யுரேனஸ் ஓரிடம் உள்ளே இழுக்கும். செவ்வாயும் நெப்டியூனும் இரண்டிடம். கோணல் சரியாகப் புள்ளிகளின் எண்ணிக்கை அளவு. மெய்யையும் குறியையும் சேர்த்து ஒரே இடமாகக் கொள்ளும் டெர்மினலில் இந்தக் கணக்கே வேறு. அதற்கும் மேல் ஃபான்ட்: ண, ஞ, ழ ஓரிடத்தில் அடங்க மறுக்கும் எழுத்துகள். ‘கொ’ போன்றவை ஒரே குறியாகவும் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கப்படலாம். பார்வைக்கு ஒன்று, நீளம் வேறு. நீளம் எடுக்குமுன் சரத்தைச் சீர்வடிவத்துக்கு (ஒரே எழுத்து எப்போதும் ஒரே விதமாகச் சேமிக்கப்படும் வடிவம்) மாற்றிக்கொண்டால் இந்தக் கடைசிச் சிக்கலாவது தீரும்.

எல்லாக் கருவியிலும் நேராக நிற்கும் தமிழ் நெடுவரிசையைக் காலியிடத்தால் அமைக்க முடியாது என்பதே நம் முடிவு. மாணவரை அந்தச் சுவரில் முட்டவிடுவதில் பயனில்லை. அட்டவணை உண்மையிலேயே தமிழில் வேண்டும் என்றால் எச்டிஎம்எல் அட்டவணையாக எழுதி உலாவியிடம் விடலாம், அல்லது காற்புள்ளியால் பிரித்த ஃபைலாக எழுதி விரிதாளில் திறக்கலாம். டெர்மினலில்தான் வேண்டும் என்றால் எண்களை முன்னால் வைத்துப் பெயரைக் கடைசிக்குக் கொண்டுபோங்கள். பெயருக்குப் பின்னால் எதுவும் இல்லை என்பதால் அதன் நீளத்தை யாரும் கேட்கப்போவதில்லை. வால் இடமும் வராது:

··4879···57.9··புதன்
·12104··108.2··வெள்ளி
·12756··149.6··பூமி
··6792··228.0··செவ்வாய்
142984··778.5··வியாழன்
120536·1432.0··சனி
·51118·2867.0··யுரேனஸ்
·49528·4515.0··நெப்டியூன்